கொட்ட வேண்டிய தண்ணீர்: கண்வலிக்கிழங்குக் கஷாயம் குடித்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். நத்தம் சாலையில் இருக்கும் என் சித்த மருத்துவ நிலையத்துக்கு ஓர் அம்மா வந்தார். வீட்டுக்காரருக்கு ராத்திரியிலிருந்து வாந்தி, வயித்தால போகுது, "நிக்கிற மாதிரி ஏதாச்சும் சூரணம் குடுங்க டாக்டரம்மா" என்றார். ஆளை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டேன். கூட்டி வந்திருந்தார். வெளியே நின்ற ஆட்டோவின் பின் இருக்கையில் காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தார் அந்த மனிதர்.

வயது 52. கட்டட வேலை பார்ப்பவர், எடை 62 கிலோ. ஆறு மாதத்துக்கு முன் வலது கால் பெருவிரல் வீங்கி என்னிடம் வந்தவர்தான், அதனால் முகம் தெரியும். அன்றைக்கு அந்த முகமே வேறாக இருந்தது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, நாக்கு உலர்ந்து கிடந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. நாடி நூல் மாதிரி ஓடியது, நிமிடத்துக்கு 124. ரத்த அழுத்தம் 80க்கு 50. காய்ச்சல் இல்லை. பேச்சில் தெளிவு இருந்தது, குரல்தான் எழும்பவில்லை. "தொண்டை எரியுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

இந்த நிகழ்வை எழுதிக்கொள்ள அவரும் அவர் குடும்பமும் சம்மதித்திருக்கிறார்கள். ஊர், பெயர், இன்னும் சில அடையாளங்களை விட்டுவிட்டேன். மருத்துவ விவரங்களில் கைவைக்கவில்லை.

காலையில் பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்குப் போய் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். சாப்பாட்டு விஷம் என்று சொல்லி, வாந்திக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டார்கள், இவர்கள் சொல்லவில்லை. என்னிடமும் முதலில் சொல்லவில்லை.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாரு?"

"சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும்தான். நாங்க எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒண்ணும் செய்யல."

"மருந்து மாத்திரை ஏதும்?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா."

"எதையாச்சும் இடிச்சு, அரைச்சு, கொதிக்க வெச்சுக் குடிச்சாரா?"

அந்த அம்மா ஒரு நொடி நிறுத்தினார். "மூட்டுவலிக்குக் கஷாயம் வெச்சுக் குடிச்சாக. அது பச்சிலைதானே."

பச்சிலை இல்லை, கிழங்கு. என்ன கிழங்கு என்று கேட்டதற்கு, "வேலியில கார்த்திகைப் பூ பூக்குமே, அதோட கிழங்கு" என்றார். அந்த இடத்திலேயே 108க்குப் போன் போட்டேன். மகனை வண்டியில் அனுப்பி, வீட்டில் மிச்சம் இருந்ததை அப்படியே கொண்டுவரச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மஞ்சப்பை வந்து சேர்ந்தது.

பையில் இருந்தது

முழுதாக ஒரு கிழங்கு, கஷாயம் வைத்த பாத்திரத்தின் அடியில் இருந்த சக்கை, கூடவே வாடிய ஒரு கொடித்துண்டு. மண்ணைத் தட்டிவிட்டுக் கிழங்கை மேசையில் வைத்தேன். இரண்டு கைகள் ஒரு கோணத்தில் சேர்ந்த மாதிரி வடிவம். கவட்டை என்றும் சொல்லலாம், பழைய மரக்கலப்பை என்றும் சொல்லலாம். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அப்படித்தான் வந்தது. வடமொழியில் இலாங்கலி என்பதும் கலப்பையை வைத்து வந்த பெயரே. இரண்டு கைகளின் நுனியிலும் முளைக்கண் இருந்தது. மேல்தோல் பழுப்பு, ஓரத்தில் நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை. தோலைச் சீவித் துண்டு போட்டுவிட்டால் வள்ளிக்கிழங்குக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

கொடித்துண்டில் இரண்டு இலைகள் ஒட்டியிருந்தன. இலை நுனி நீண்டு, சுருண்டு, கம்பிச்சுருள் மாதிரி இருந்தது. வேறு எந்தச் செடியோடும் குழப்பிக்கொள்ள முடியாத அடையாளம் இதுதான். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறும். கிளுவை வேலியில் ஏறி நின்று, மழைக்காலத்தில் பச்சையாக மொட்டு விட்டு, அப்புறம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் ரத்தச் சிவப்பாக முடியும் பூ. ஆறு இதழும் பின்னால் மடிந்து மேல்நோக்கி எரியும்.

செங்காந்தள். நம் மாநிலத்தின் பூ. குறிஞ்சி நிலத்தின் பூ, முருகனுக்கு உரிய பூ, சங்கப் புலவர்கள் பெண்ணின் மெல்லிய விரலுக்கு உவமை சொன்ன பூ. அழகர்மலை அடிவாரத்திலும் சிறுமலைச் சரிவிலும் ஐப்பசி கார்த்திகையில் பார்க்கலாம். சின்ன வயதில் பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறும்போது இந்தப் பூவைப் பார்த்து ஓடுவேன், அப்பத்தா பின்னாலிருந்து கத்தும்: "கண்ணால பாரு, கையால தொடாத!" உற்றுப் பார்த்தாலே கண் வலிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, கண்வலிக்கிழங்கு என்ற பெயருக்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கண் ஒன்றும் வலிக்காது. ஆனால் அந்தப் பெயர் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளைச் செடியிலிருந்து தள்ளி நிறுத்தியிருக்கிறது, அதற்காகவே அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கிழங்கையும் இலையையும் அதே பையில் போட்டுக் கொடுத்து, ஒரு தாளில் "செங்காந்தள் கிழங்குக் கஷாயம், நேற்று இரவு 8 மணி, கால்சிசின் நஞ்சு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மகன் சட்டைப்பையில் வைத்தேன். கால்சிசின் என்பது இந்தக் கிழங்கில் இருக்கும் நஞ்சின் பெயர். அங்கே போய் யார் கேட்டாலும் முதலில் இந்தத் தாளைக் கொடு தம்பி என்றேன்.

எப்படி இந்த முடிவுக்கு வந்தார்

இதைப் பிற்பாடு, அவர் தேறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

அவருக்கு யூரிக் அமிலம் அதிகம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பெருவிரலோ கணுக்காலோ வீங்கும். வீங்கினால் ஒரு வாரம் சாரம் ஏற முடியாது, கூலி போய்விடும். அவருடைய அப்பத்தா அந்தக் காலத்தில் ஊரில் கைவைத்தியம் பார்த்தவர். "எங்க அப்பத்தா கார்த்திகைக் கிழங்கை வெச்சுத்தான் மூட்டுக்கு வைத்தியம் பாத்துச்சு" என்பது அவர் சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. இது ஒன்று.

இரண்டாவது, அவர் மச்சினன் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கண்வலிக்கிழங்குத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். அந்தப் பக்கத்திலும் மூலனூர், தாராபுரம் வட்டாரத்திலும் இதைப் பந்தல் கம்பியில் ஏற்றிப் பயிராக வளர்க்கிறார்கள். தன்னால் காய் பிடிப்பது குறைவு என்பதால் பூத்த பூவுக்குக் காலையில் ஆள் விட்டு, கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். பண்ணையின் சரக்கு விதைதான், அது மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. தீபாவளிக்கு வந்த மச்சினன் சொல்லியிருக்கிறார்: "மாமா, உங்களுக்குக் கால் வீங்குனா டாக்டர் குடுக்குறாரே மாத்திரை, அது இந்தச் செடியிலருந்துதான் எடுக்குறாங்க."

சொன்ன இரண்டும் உண்மை. அப்பத்தா மூட்டுக்கு இந்தக் கிழங்கைப் பயன்படுத்தியது உண்மை. கால்சிசின் இந்தச் செடியிலிருந்து எடுக்கப்படுவதும், அது பெருவிரல் வீக்கத்துக்குக் கொடுக்கப்படுவதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவருக்கு, மாத்திரைக்குக் காசு கொடுப்பானேன், வேலியிலேயே இருக்கிறதே என்று தோன்றியிருக்கிறது.

மூன்றாவதாக ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் அவர் என்னிடம் வந்தபோது, "நம்ம மலையிலயே இதுக்கு மருந்து இருக்குங்கய்யா" என்று நானும் ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறேன். எந்த மருந்து, எப்படி, யார் கொடுக்கலாம் என்று சொல்லவில்லை. அவர் அதை ஞாபகம் வைத்திருந்தார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் வேலியோரம் மம்பட்டியால் வெட்டி மூன்று கிழங்கு எடுத்திருக்கிறார். இரண்டைக் கழுவி, அருவாமனையில் நறுக்கி, சுக்கும் மிளகும் சேர்த்து அம்மியில் தட்டி, நாலு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்ட வைத்தார். வடிகட்டிச் சக்கையைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டார். இரவு 8 மணிக்கு அரை டம்ளர் குடித்தார். கசப்பும் நாக்கில் ஒரு மரமரப்பும் இருந்ததால் மீதியைக் காலையில் குடிக்கலாம் என்று மூடி வைத்தார். அந்த மரமரப்புதான் அவர் உயிரைப் பாதி காப்பாற்றியது.

பதினைந்து நாள்

11 மணிக்கு வாயும் தொண்டையும் எரிந்திருக்கின்றன. நள்ளிரவு தாண்டி வாந்தி. 2 மணிக்கு மேல் பேதி, விடிவதற்குள் 15 தடவைக்கு மேல், கடைசியில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. வீட்டில் ஓமத் தண்ணியும் உப்புப் போட்ட மோரும் கொடுத்திருக்கிறார்கள், எதுவும் உள்ளே நிற்கவில்லை.

மதுரையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்க்கும்போது, குடித்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வயிற்றைக் கழுவுவதில் அந்த நேரத்துக்கு மேல் பயனில்லை. நஞ்சை உறிஞ்சும் கரித்தூளை நாலு நாலு மணிக்கு ஒரு தடவை என்று திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். கால்சிசின் ஈரல் வழியாகப் பித்தத்தில் கலந்து மறுபடியும் குடலுக்கு வரும், வருகிற இடத்தில் கரி பிடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக. இந்த நஞ்சுக்கென்று நம் மருத்துவமனைகளில் முறிமருந்து கிடையாது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸாலும் இதை வெளியே எடுக்க முடியாது, ஏனென்றால் அது ரத்தத்தில் தங்காமல் உடம்பின் திசுக்களுக்குள் போய்விடுகிறது. ஆக வைத்தியம் என்பது தண்ணீரும் உப்பும் ஈடுகட்டி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, அடுத்து எது கெடும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான்.

இரண்டாம் நாள் பேதி குறைந்தது. வீட்டார் நிம்மதியாகிவிட்டார்கள், டிஸ்சார்ஜ் எப்போது என்றுகூடக் கேட்டார்கள். இந்த நஞ்சின் மோசமான குணமே இதுதான், முதல் அலை அடங்கியதும் ஆள் தேறிவிட்ட மாதிரி காட்டும். அன்றைக்கே, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் 2.8க்கு ஏறியிருந்தது, ஈரல் நொதிகளும் ஏறியிருந்தன. சேர்த்த நாளில் 16,000 இருந்த வெள்ளை அணு ஐந்தாம் நாள் 1,100க்கு விழுந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணு 34,000க்கு இறங்கியது. ஈறில் ரத்தம் கசிந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசி, நோய்க்கிருமிக்கு மருந்து, இரண்டு தடவை தட்டணு ஏற்றம் என்று போனது. நான் ஆறாம் நாள் போய்ப் பார்த்தபோது தனி அறையில் வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

எட்டாம் நாளிலிருந்து அணுக்கள் ஏறத் தொடங்கின. சிறுநீரகம் தானாகவே சரிக்கு வந்தது. 12ஆம் நாள் காலையில் தலையணை முழுக்க முடி. சீப்பே வேண்டாம், கையால் தடவினால் கற்றையாக வந்தது. அந்த அம்மா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். இது வரும் என்று எனக்குத் தெரியும், முன்கூட்டியே சொல்லியிருந்தால் இப்படிப் பயந்திருக்க மாட்டார். 15ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் தொடைகளில் பலமின்மையும் பாதத்தில் மரமரப்பும் இன்னும் ஏழெட்டு வாரம் இருந்தன.

ஏன் இந்த வரிசையில்

வாந்தி பேதி, பிறகு ரத்த அணு, பிறகு முடி. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத மாதிரி தெரிகிற இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய நூல்கள் உருவாகி, மரபுப் பொருளை ஆளுக்குப் பாதியாக இழுத்துப் பிரிக்கும். கால்சிசின் அந்த நூல்கள் முறுக்கேறாதபடி தடுத்துவிடுகிறது. செல் பாதிப் பிரிவில் நின்று செத்துப்போகும். அப்படியானால் எங்கெல்லாம் செல் வேகமாகப் பிரிகிறதோ அங்கெல்லாம் அடி விழும். நம் உடம்பில் வேகமாகப் பிரிவது குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, முடிவேர். குடல் அடிபடுவது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அணுக்கள் தீர்ந்து புதுசு வராதபோதுதான் மஜ்ஜை அடிபட்டது தெரியும், அதற்கு நான்கைந்து நாள். முடி விழ இரண்டு வாரம்.

இதே குணத்தைத்தான் பயிர் ஆராய்ச்சியில் குரோமோசோமை இரட்டிப்பாக்கப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளை அணுக்கள் மூட்டுக்குள் படையெடுத்துப் போவதற்கும் அந்த நூல்கள் வேண்டும், அதனால்தான் மிகச் சிறிய அளவில் கொடுத்தால் மூட்டு வீக்கம் அடங்குகிறது. கால்சிசினை முதலில் பிரித்தெடுத்தது 1820இல், பிரான்சில் பெல்லெட்டியே, கவாந்து என்ற இருவர், அங்கே வளரும் கால்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து. நம் காந்தளிலும் அதே சரக்கு இருக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது.

அளவு எவ்வளவு என்று பார்ப்போம். மிஞ்சியிருந்த கிழங்கு 60 கிராம். கஷாயத்தில் போட்ட இரண்டும் அதே அளவு என்று வைத்தால் 120 கிராம் பச்சைக் கிழங்கு. முக்கால் பங்கு தண்ணீர் போக, காய்ந்த கணக்கில் 30 கிராம். காய்ந்த கிழங்கில் கால்சிசின் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை இருக்கலாம், மண்ணுக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி. அதாவது 30லிருந்து 90 மில்லிகிராம். அவர் குடித்தது பாதி, 15லிருந்து 45. டாக்டர் கொடுக்கும் மாத்திரை ஒன்று 0.5 மில்லிகிராம். ஆக அவர் ஒரே மடக்கில் விழுங்கியது 30 மாத்திரையாகவும் இருக்கலாம், 90 மாத்திரையாகவும் இருக்கலாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் தாண்டினால் மஜ்ஜை அடிபடும், 0.8 தாண்டினால் பிழைப்பது அரிது. 62 கிலோ எடைக்கு அந்த இரண்டு எல்லைகள் 31ம் 50ம். மறுபாதியையும் அன்றே குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே வேலியில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு கிழங்கில்கூட இந்த அளவு ஒன்றாக இருக்காது. மாத்திரையில் அளவு உண்டு, கிழங்கில் இல்லை. "அதே மருந்துதானே" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

மோரும் கஷாயமும்

கைவைத்தியத்தில் இந்தக் கிழங்குக்கு இருந்த இடம் பெரும்பாலும் வெளியே, தோலுக்கு மேலே. மூட்டு வீக்கத்துக்கும் தேள்கடிக்கும் பற்றுப் போடுவார்கள். இலைச்சாற்றைப் பேனுக்குத் தலையில் தேய்ப்பார்கள். பிரசவம் தாமதமானாலும் நஞ்சுக்கொடி விழாவிட்டாலும் அரைத்து உள்ளங்காலிலும் அடிவயிற்றிலும் பூசி, குழந்தை பிறந்ததும் உடனே கழுவிவிடுவார்கள். கருவைக் கலைக்கவும் இதைப் பயன்படுத்தி உயிர் போன கதைகள் நம் ஊர்களில் உண்டு. பாம்புக்கடிக்கும் சொல்வார்கள், அதை நம்பி ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது.

உள்ளுக்குச் சேர்க்கும் சித்த மருந்துகளில் கிழங்கை அப்படியே போடுவதில்லை, சுத்தி செய்துதான். மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் மோரைக் கொட்டி, துண்டுகளை வெயிலில் காயவைத்து, மறுநாள் இரவு புது மோர். சிலர் ஐந்து நாள் என்பார்கள், சிலர் ஏழு. நான் படிக்கும்போது இதை மனப்பாடம் பண்ணினேன், காரணம் கேட்கவில்லை.

அந்த மஞ்சப்பையில் வந்த சக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கால்சிசின் தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது. கொதிக்க வைத்தாலும் கெடாது. ஏழு ராத்திரி ஊறவைத்து ஏழு தடவை மோரைக் கொட்டுவது என்றால், நஞ்சைத் தவணை தவணையாக வெளியே கொட்டுகிறோம் என்று அர்த்தம். கஷாயம் அதற்கு நேர் எதிர்வேலை. கிழங்கில் இருப்பதையெல்லாம் தண்ணீருக்குள் இழுத்து, அந்தத் தண்ணீரையும் கால்வாசியாகச் சுண்ட வைப்பது. முன்னோர் எதைக் கொட்டினார்களோ அதை இவர் குடித்தார், எதை எடுத்து வைத்தார்களோ அதைச் சக்கை என்று ஒதுக்கினார்.

எத்தனையோ மூலிகைக்குக் கஷாயம் பாதுகாப்பான முறை. ஆடாதொடைக்கும் நிலவேம்புக்கும் பழகிய கை, இதற்கும் அதையே செய்துவிட்டது. அப்பத்தாவின் வைத்தியத்தில் கிழங்கின் பெயர் மட்டும் பேரனுக்கு வந்து சேர்ந்தது. மோர் வரவில்லை, பற்று என்பது வரவில்லை, புண் இருந்தால் தொடாதே என்பது வரவில்லை. 

சுத்தி செய்துவிட்டால் வீட்டில் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. ஏழு நாள் மோரில் கிடந்த துண்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நாக்கோ கண்ணோ சொல்லாது, பரிசோதனைக்கூடம்தான் சொல்லும். நம் மருந்துச் சட்ட விதிகளில் நச்சு மூலிகைகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, அதில் இலாங்கலியும் ஒன்று. இதைச் சேர்த்து உள்ளுக்குச் சாப்பிடச் செய்த மருந்தின் மேல், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். சந்தையில் பொட்டலம் கட்டி விற்கும் பொடியில் இது எதுவும் இருக்காது.

கேட்கிற விதம்

இந்தப் பகுதியில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வார்த்தை. "என்ன மருந்து சாப்பிட்டீங்க" என்று கேட்டால் கஷாயம் பதிலில் வராது. மருந்து என்றால் அவர்களுக்கு மாத்திரை. "என்ன சாப்பிட்டீங்க" என்றாலும் வராது, அது சோறு. இடித்தது, அரைத்தது, கொதிக்க வைத்தது, கிழங்கு, வேர், விதை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மழைக்காலத்தில், ஒரே சாப்பாடு சாப்பிட்ட வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் பேதி, அதோடு தொண்டை எரிச்சல், முதல் நாளிலேயே வெள்ளை அணு ஏற்றம் என்றால் இந்தக் கேள்வியை விடக் கூடாது. பேதி நின்றாலும் ஒரு வாரமாவது ரத்த அணுவை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்கும் குரலும் முக்கியம். "அதை ஏன் குடிச்சீங்க?" என்று அதட்டினால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது. அந்த அம்மா என்னிடம் சொன்னது நான் சித்த மருத்துவர் என்பதால்தான் என்று பின்னால் அவரே சொன்னார். "காலையில அந்த கிளினிக்குல சொன்னா, திட்டுவாகளோன்னு இருந்துச்சு." அந்தக் கூச்சத்தில் ஒரு அரை நாள் போய்விட்டது.

தை மாசம்

பொங்கல் கழிந்து அவர் வந்தார். தலையில் கட்டைவிரல் நுனி அளவுக்குப் புதுமுடி, பழையதைவிடக் கறுப்பாக. மாடிப்படி ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். யூரிக் அமிலத்துக்கு மருத்துவமனையில் கொடுத்த மருந்தைத் தொடர்கிறார். நானும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

கூடவே பாலமேட்டில் மகள் வீட்டிலிருந்த அவருடைய தாயாரும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், காதில் பாம்படம் போட்ட துளை மட்டும் தொங்குகிறது. கைவைத்தியம் பார்த்த அந்த அப்பத்தாவின் மருமகள், மாமியார்க்குக் கூடமாட நின்று அரைத்துக் கொடுத்தவர். மகன் மேல் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை. "அத்தை எங்கடா குடிக்கக் குடுத்துச்சு? முட்டியில பூசும், காஞ்சதும் கழுவும். அரைச்ச அம்மியைச் சாணி போட்டுத் தேச்சு வெயில்ல கவுத்தும். அன்னைக்கு அதுல சட்னிகூட அரைக்க விடாது" என்றார்.

வேலியில் மிச்சம் இருக்கும் கொடியை வெட்டி எரித்துவிடலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். நறுக்குகிற பக்குவத்திலிருந்து, கையில் வெட்டுக்காயம் இருந்தால் யார் அரைக்கக் கூடாது என்பது வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மோரைக் கொட்டுகிற இடத்துக்கு வந்ததும் நான் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு தாயி. அந்த மோரை எங்க ஊத்தணும்னும் எழுது. கோழி கொத்துற பக்கம் ஊத்தக் கூடாது, மாடு தண்ணி குடிக்கிற பக்கம் ஊத்தக் கூடாது. குழி தோண்டி ஊத்தி மண்ணப் போட்டு மூடணும். எழுதிட்டியா?"